கூகுள் படிவமா, நேரில் கேட்பதா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் மாணவர்களின் உணவு, உடல்நலம் பற்றி ஆய்வு செய்ய இரண்டு வழிகள் உண்டு.

கூகுள் படிவம் வேகமானது, செலவும் இல்லை. மாதவிடாய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் பற்றிக் கேட்கப் பெயர் போடாத படிவமே நல்லது. முகம் பார்த்துச் சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள்.

ஆனால் சாப்பாட்டுக்கு அது போதாது. ‘காலை உணவு உண்டா?’ என்றால் ‘ஆம்’ என்று தட்டிவிடுவார்கள். நேரில் உட்கார்ந்து, நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்தான் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் குடித்த வெறும் கட்டன் சாயா, மாலையில் தின்ற பழம்பொரி, இரவில் மரச்சீனியும் மீன்கறியும் எவ்வளவு என்பதெல்லாம் வெளியே வரும். எடையும் அப்படித்தான். ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு (BMI, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23-ஐத் தொட்டாலே கவனம் தேவை. வாயால் சொல்லும் எடை இரண்டு கிலோ குறைந்தாலும் முடிவு மாறலாம். எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

நடைமுறை அறிவை அளக்க நேரில் கேட்பதுதான் சரி, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ‘லேபிள் படிப்பீர்களா?’ என்பதை விடுங்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, இது முழுவதிலும் எவ்வளவு சர்க்கரை என்று கேளுங்கள். லேபிளில் பெரும்பாலும் 100 கிராமுக்கான கணக்குதான் இருக்கும். பாக்கெட் எடைக்கு அதை மாற்றத் தெரிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.