பால் கணக்கில் பாதியைக் காணோம்

பாளையங்கோட்டையில் பழைய தொடர்கதைகளை பைண்ட் செய்து தரும் கடை இன்னும் இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, வாசலில் சுவரோரம் காயும் காலிகோ துணி ஒட்டிய அட்டைகள், உள்ளே பசை வாசனை. பெயர் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

நான் கொண்டுபோனது என் அம்மா சேர்த்த எழுத்தாளர் சுஜாதாவின் எழுத்துகள். வாரா வாரம் குமுதத்திலும் விகடனிலும் வந்ததைக் கத்தரித்து, சணலால் கட்டி, டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கள் சிந்துபூந்துறை வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பெட்டியின் அடிப்பாகம் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டேன். நியூஸ்பிரிண்ட் ஏற்கெனவே பழுத்துப்போன தாள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவள் நான். வெள்ளம் விட்டதை இராமபாணப் பூச்சி தின்னுமுன் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

கடைக்கார அண்ணாச்சி கட்டை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்தினார். பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். வேலையே அதுதானாம். வெட்டிய தாள்களில் பக்க எண்ணை நம்ப முடியாது. 'தொடரும்' என்று முடிந்த வரியையும் அடுத்த வாரத்தின் முதல் வரியையும் ஒட்டிப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். பின்பக்கத்தில் யாரோ ஒருவரின் சிறுகதை பாதியும் சேலை விளம்பரம் பாதியுமாக இருக்கும். மூன்றாம் நாள் போனபோது ஒரு மெல்லிய கட்டைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"டீச்சர், இதற்கு மிச்சம் எங்கே?"

'கருப்பு சிவப்பு வெளுப்பு'. குமுதத்தில் தொடங்கி, எதிர்ப்பு வந்ததால் நின்றுபோன தொடர். மிச்சம் அம்மாவிடம் மட்டுமல்ல, அந்தப் பெயரில் எவரிடமும் இல்லை. 1857 சிப்பாய்க் கலகப் பின்னணியில் அமைந்த அந்தக் கதைதான் பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று முழுதாக வந்தது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "அப்போ பின்னால் நாலு வெள்ளைத்தாள் வைத்துவிடுகிறேன்" என்றார். வைத்தும் கொடுத்தார். இதற்காகவே அவருக்கு இன்னொரு நட்சத்திரம் தரலாம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒற்றைத் தாள்களை அப்படியே பக்கவாட்டில் குத்தித் தைத்தால் உள்ளோரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். இவர் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் விரற்கடை அகலத்துக்குக் காகிதப் பட்டை ஒட்டி, பட்டையின் மேல் தைக்கிறார். புத்தகம் மேஜையில் மல்லாந்து படுக்கிறது, எல்லா எழுத்தையும் படிக்க முடிகிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் போடுகிறார், பூச்சி அண்டாது. தொகுதிக்கு 320 ரூபாய் வாங்கினார். பட்டை ஒட்டாமல் தைத்தால் 180தானாம். 320 கொடுங்கள்.

இனி திட்டு. ஆண்டுவாரியாக அடுக்கச் சொல்லியிருந்தேன். அண்ணாச்சி தாளின் அளவுவாரியாக அடுக்கிவிட்டார். இதழுக்கு இதழ் அளவு மாறும், ஓரம் சமமாக வராது என்பது அவர் நியாயம். என் நியாயம் வேறு. சுஜாதா பகலில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்கு இயந்திரத்தில் அவர் பங்கு எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதர் ஒரு பத்திரிகையில் தன் கதைகளின் வக்கீல்கள் கணேஷையும் வசந்தையும் துப்பறிய விட்டுவிட்டு, ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' என்று வாசகர் கேட்ட அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். கணையாழி இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்று வேறொரு குரலில் பேசினார். பிற்பாடு குமுதத்தின் ஆசிரியர் நாற்காலியிலும், அதற்குப் பின் 'அம்பலம்' இணைய இதழிலும் உட்கார்ந்தார். அம்மா இத்தனையையும் தெருமுனைக் கடையில் வாங்கி, ஒரே அடுப்படியில் கலந்து படித்தாள். இப்போது கொலைகள் ஒரு தொகுதியில், அறிவியல் இன்னொன்றில்.

(தமிழில் அறிவியல் எழுதியதில் எங்கள் சீமையின் பங்கை விட்டுவிட மனமில்லை. 1891இல் பிறந்த பெ.நா. அப்புசாமி, பெருங்குளத்துக்காரர். வகுப்பில் நான் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகள் சுஜாதா கதையின் இயந்திர நாய் ஜீனோவைப் பற்றித்தான் கேட்பார்கள்.)

அளவு போனால் போகிறது. ஓரம் வெட்டியதுதான் ஆறவில்லை. தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து வழவழப்பாக்கிவிட்டார். அம்மாவுக்கு எழுத வேறு காகிதம் அகப்படாது. தாளின் ஓரத்தில்தான் பென்சிலால் பால் கணக்கு எழுதுவாள். 'செவ்வாய் 1', 'புதன் 1½', 'வியாழன் இல்லை'. இப்போது கிழமைகள் இருக்கின்றன, லிட்டர்களைக் காணோம். 'என் இனிய இயந்திரா'வில், 2021இல் நடப்பதாக அன்றைக்கு எழுதிய கதையில், இயந்திர நாய் ஜீனோ வரும் ஒரு பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தாள். 'ஜீனோ பா' வரைக்கும்தான் மிச்சம். பாவம் என்று எழுதினாளா, பால் என்று எழுதினாளா?

கேட்டதற்கு, "பென்சில் அழுக்கு என்று நினைத்தேன் டீச்சர்" என்றார். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வெட்டி விழுந்த கீற்றுகளைக் கேட்டேன். அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்றாம்.

கொண்டுபோகிறவர்கள் ஓரத்தை வெட்டக்கூடாது என்பதை வாயால் சொல்லாதீர்கள், துண்டுச்சீட்டில் எழுதி மேல்தாளில் குத்திக் கொடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடை சாத்தியிருக்கும். மார்ச் மாதம் போக வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகள் கூரைவரை ஏறியிருக்கும், உங்கள் கட்டு எதன் அடியில் போனது என்று அவருக்கே தெரியாது. என்னிடம் கணையாழிக் கட்டு ஒன்று பாக்கி இருக்கிறது. ஜூனில் கொண்டுபோகிறேன், அவரிடமேதான்.