புதுச்சேரியில் 'குடோனில் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்' விற்பனைக்கு: உஷார்

பழைய கார் பிரியர்கள் கவனத்துக்கு. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் ஒரு புரோக்கர் "டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஒரிஜினல் இங்கிலாந்து வண்டி, முப்பது வருஷமா வெளிச்சமே பார்க்காம கிடக்குது" என்று ஒரு பச்சை நிற இரண்டு சீட்டுக் காரைக் காட்டி வருகிறார். என் மைத்துனர் அதற்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறார்.

வண்டி நின்றது வில்லியனூர் பக்கம் ஒரு குடோனில். கதை பிரமாதம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பமாம், பாரிஸ் போன பெரியவர் திரும்பவே இல்லையாம், வாரிசுகளுக்கு வண்டியின் மதிப்பு தெரியாதாம். புதுச்சேரியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிஜமாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. "பெங்களூர் பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை வருது" என்றதும் பணம் கைமாறியது. ரசீதாகக் கிடைத்தது வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து.

அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்த பழைய ஃபிட்டர் ஒருவர் வந்து பார்த்தார். பானெட்டைத் திறக்கும் முன்பே டயர் ஓரத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 2317. அதாவது 2017-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரான டயர். முப்பது வருஷம் நகராத வண்டிக்கு! கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டவில்லை, தகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி. மேலே இருந்த தூசி மட்டும் அவ்வளவு சீராக இருந்தது, யாரோ சலித்துத் தூவின மாதிரி.

கடைசியாக டேப் பிடித்தார். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம்தான் இருக்க வேண்டும். 91.5 என்பது நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கணக்கு, 1960-களில் சென்னையில் தயாரான அதே வண்டி. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் பாகங்களை வைத்து உருவானதுதான். இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே இத்தாலியர், மிக்கெலோட்டி. இரண்டிலும் பானெட் முன்பக்கமாகச் சாயும். அதனால் ஹெரால்டின் மேல் இரண்டு சீட்டு பாடியைக் கட்டிவிட்டால் முதல் பார்வையில் பிடிபடாது. வேலை செய்த கை நல்ல கை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆர்.சி. நகலில் 'ஸ்டாண்டர்ட்' என்றுதான் இருந்தது. புரோக்கரைக் கேட்டால், "டிரையம்ப்பும் ஸ்டாண்டர்டும் ஒரே கம்பெனி சார், இந்தியாவுல அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். பாதி உண்மை, அதுதான் ஆபத்து. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் என்றால் கம்பெனி தகட்டில் உள்ள வண்டி எண் எஃப்.சி. என்று தொடங்க வேண்டும். இந்த வண்டியில் அந்தத் தகடே இல்லை. பழைய வண்டிகளுக்கான தனி விண்டேஜ் பதிவு எண் வாங்கித் தருவதாகவும் சொன்னார். 2021 விதிப்படி அதற்கு வண்டி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் மட்டும் போதாது, சேஸியோ பாடியோ மாற்றப்படாததாகவும் இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது கிடைக்க வழியே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "பார்ட்டிகிட்ட கொடுத்தாச்சு" என்றார், பிறகு போனையே எடுக்கவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். "இது கொடுக்கல் வாங்கல் விவகாரம்" என்கிறார்கள்.

போன வாரம் ஒரு நண்பர் போட்டோ அனுப்பினார். அதே கார், இப்போது சிவப்பு நிறத்தில், கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுன்) ஒரு குடோனில் நிற்கிறது. 2011 தானே புயலில் கூரை இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட வண்டி என்பது புதுக்கதை. விலையும் ஏறியிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் டேப்பும் காந்தமும் கொண்டு போங்கள்.