கொலம்பியா விசாரணை அறிக்கை, முதல் தொகுதி: கலரில் பிரிண்ட் எடுத்துப் படியுங்கள்

பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) செய்யும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாக வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்த்து ஜாயின்ட் பாஸா ரிப்பேரா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. நாசாவின் கொலம்பியா விண்கலத்தின் விபத்து அறிக்கையைப் படிக்க ஆசைப்பட்டதும் அதனால்தான்.

முதலில் புத்தகமாகவே இருக்கட்டும் என்று ஆன்லைனில் ஒருவரிடம் ஆர்டர் செய்தேன். வந்தது முழுக்கக் கருப்பு வெள்ளை. நிறத்தை வைத்துப் பிரித்துக் காட்டும் படங்கள் எல்லாம் ஒரே சாம்பல். இடது இறக்கையில் எது எந்தப் பகுதி என்றே தெரியவில்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இது அமெரிக்க அரசு ஆவணம், பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் படங்கள் உள்ள பக்கங்களை மட்டும் கலரில் எடுத்து, இரண்டு பாகமாக ஸ்பைரல் போட்டு வாங்கினேன். ஒரே பாகமாகப் போட்டால் பக்கம் புரட்ட வராது.

மொத்தம் ஆறு தொகுதிகள். 2003 ஆகஸ்ட் 26 அன்று வெளியான முதல் தொகுதி, 248 பக்கம், நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே போதும்.

நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். ஜனவரி 16 அன்று கிளம்பி 82 வினாடி ஆகும்போது, வெளி எரிபொருள் டேங்கின் மேல் வெப்பக் காப்பாக ஒட்டியிருந்த ஃபோமில் ஒரு துண்டு கழன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ. பிப்ரவரி 1 அன்று தரையிறங்க 16 நிமிடம் இருக்கையில், அந்த அடியில் ஏற்பட்ட சேதத்தால் விண்கலம் டெக்சாஸ் வானத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் போய்விட்டார்கள்.

ஓய்வுபெற்ற அட்மிரல் ஹரோல்ட் கெஹ்மன் தலைமையில் 13 பேர் விசாரித்தார்கள். 1986-இல் நடந்த சாலஞ்சர் விண்கல விபத்தையும் விசாரித்த விண்வெளி வீராங்கனை சாலி ரைட் இதிலும் உறுப்பினர். ஃபோம் போய் இறக்கையை உடைக்குமா என்று பலரும் நம்பாமல் இருந்தபோது, சான் அன்டோனியோவில் கேஸ் துப்பாக்கியால் ஃபோமைச் சுட்டுப் பார்த்தார்கள். ஜூலை 7 அன்று இறக்கை முன்விளிம்பின் எட்டாம் எண் கார்பன் பேனலில் விழுந்த ஓட்டை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அந்தப் படத்தைக் கலரில்தான் பார்க்க வேண்டும். கிழிந்த விளிம்பு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது.

சரி, இதோடு முடித்திருந்தால் நல்ல தொழில்நுட்ப அறிக்கை, அவ்வளவுதான். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து அவர்கள் நாசாவின் மீட்டிங்குகளுக்குள் போகிறார்கள். இறக்கையைப் படம் எடுத்துத் தாருங்கள் என்று பொறியாளர்கள் மூன்று முறை முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. ஃபோம் கழல்வது பழகிப்போன விஷயமாக ஆகியிருந்தது. டேங்கின் அதே இடத்திலிருந்து அது கழன்றது ஏழாவது தடவை.

191-ஆம் பக்கத்தில் ஒரு பவர்பாயின்ட் ஸ்லைடு இருக்கிறது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே அதிகாரிகளுக்குக் காட்டியது. தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். கடைசியில், சின்ன எழுத்தில், மோதிய துண்டு 1,920 கன அங்குலம், முன்பு செய்த சோதனைகளில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருக்கிறது. 640 மடங்கு! 12 மில்லிமீட்டர் மாதிரி பிளாக்கில் கருவியைக் காலிபரேட் செய்துவிட்டு (அளவு சரிபார்த்துவிட்டு) அதை நம்பி மிகப் பருமனான பிளேட்டுக்கு ஓகே எழுதினால் எங்கள் ஷாப்பில் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கி எறிவார்கள். இங்கே அது கடைசி வரியாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது.

ஆறாம் அத்தியாயத்தில் வரும் மீட்புக் கணக்கு இன்னும் வேதனை. சேதம் முன்கூட்டியே தெரிந்து, இரவு பகலாக வேலை செய்திருந்தால் அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்கலத்தை பிப்ரவரி 10 வாக்கில் ஏவியிருக்கலாம். கொலம்பியாவில் இருந்ததைச் சிக்கனமாக வைத்து ஏழு பேரும் பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்கலாம். ஆபத்தான வேலைதான், ஆனால் செய்திருக்க முடியும் என்று எழுதியிருக்கிறார்கள்.

குறை என்றால், சுருக்கப் பெயர்கள் கொத்துக்கொத்தாக வருகின்றன. பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே படியுங்கள். கடைசி அத்தியாயங்களை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். மற்றபடி, எங்கேயாவது பரிசோதனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவராக நீங்கள் இருந்தால் ஐந்து முதல் எட்டு வரை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

எங்கள் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த ட்ரெயினி தம்பியிடம் இரண்டாவது பாகத்தைக் கொடுத்திருக்கிறேன். அந்த ஸ்லைடு பக்கத்தை மடித்து வைத்துத்தான் கொடுத்தேன்.