தக்கலை ஃபிரேம் கடையும் அப்பாவின் மெடல்களும்

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். 1971 போருக்காகக் கிடைத்த பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் அவர் இறந்தபிறகு பதினோரு வருடம் டிரங்கு பெட்டியிலேயே கிடந்தன.

போன வருடம் மகன் என்னை வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குக் கூட்டிப்போனான். 1982-ல் திறந்தது. கறுப்புக் கிரானைட்டில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி வரிசையில் இல்லை, உயிரிழந்த தேதி வரிசையில். ஒரு பெரியவர் காகிதத்தை வைத்து ஒரு பெயரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா ஞாபகம்தான். ஊருக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன்.

தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னக் கடை. மெடல் விளிம்பில் அப்பாவின் நம்பரும் பெயரும் பொறித்திருப்பதை என்னைவிட முதலில் கவனித்தவர் கடைக்காரர்தான். "பசை போட்டா பொறவு எடுக்க முடியாது அக்கா, நூல்ல தச்சுத் தாறேன்" என்றார். பாலிஷ் போடவும் மறுத்துவிட்டார்; தேய்த்தால் எழுத்து அழிந்துவிடுமாம். நீல வெல்வெட், தேக்குச் சட்டம், கண்ணாடி மெடலில் படாதபடி இடைவெளி. சாயம்போன ரிப்பனை மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. அது அப்பா சட்டையில் குத்தியிருந்த ரிப்பன்.

1,850 ரூபாய். ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் ஆக்கினார், போனும் எடுக்கவில்லை. அந்த நாட்களில் தூக்கமே இல்லை. கொடுக்கும்போது ரசீதில் மெடல்களின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு கடை கிடையாது.