திருநர் நோயாளிகளைக் கவனிக்க ஒரு நாள் பயிற்சி: கிருஷ்ணகிரி வகுப்புக்கு ஆள் அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் டாக்டரையும் ஸ்டாஃப் நர்ஸையும் மட்டும் அனுப்பினால் கட்டிய காசில் பாதி வீண். ஓ.பி. சீட்டு எழுதுபவர், லேப் டெக்னீஷியன், வாசல் செக்யூரிட்டி மூவரும் கூடவே போக வேண்டும். நோயாளி மருத்துவமனையை விட்டுத் திரும்பிப் போவது பெரும்பாலும் இவர்களைத் தாண்டுவதற்குள்தான். அழைப்பிதழில் இவர்கள் பேச்சே இல்லை என்பது நடத்துபவர்கள் மேல் முதல் புகார்.

காலை அமர்வுக்காகவே போகலாம். இந்த வட்டாரத்துத் திருநங்கைகளும் ஒரு திருநம்பியும் (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்) நோயாளியாக உட்கார, வந்தவர்கள் சீட்டு போடுவதிலிருந்து மாத்திரை கொடுப்பது வரை செய்து காட்ட வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், அழைக்கும் பெயர் வேறு. கூட்டத்துக்கு நடுவே ஆதார் பெயரைக் கத்தினால் அவர் எழுந்து வர மாட்டார். தீர்வாகச் சொல்லித் தருவது செலவில்லாதது: அழைக்கும் பெயரைச் சீட்டின் மேல் மூலையில் எழுதுங்கள், கூப்பிடும்போது டோக்கன் எண்ணை மட்டும் சொல்லுங்கள். அட்மிஷன் என்றால் எந்த வார்டு வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடம் "ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்கும் பழக்கத்தையும் நன்றாகக் கண்டித்தார்கள். அந்தக் கேள்வி தேவைப்படும் இடங்கள் உண்டு: அடிவயிற்று வலி, சிறுநீர் அடைப்பு, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடும் முன். அப்போதும் ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கதீட்டர் பற்றி நின்று நிதானமாகப் பேசினார்கள். வேறு வகுப்புகளில் இது அபூர்வம். தாயம்மா (மரபு முறையில் அறுக்கும் மூத்த திருநங்கை) கையால் நிர்வாணம், அதாவது ஆண் உறுப்பு நீக்கம், செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்த் துவாரம் வடுவால் சுருங்கியிருக்கும். வழக்கமான 16 சைஸ் ஃபோலி கதீட்டரை அழுத்தித் தள்ளினால் குழாய் தப்பான பாதையில் கிழித்துக்கொண்டு போய் ரத்தம் கொட்டும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஜெல்லி போட்டுச் சில நிமிடம் பொறுத்து, 12 அல்லது 10 சைஸில் மெதுவாக முயல வேண்டும். போகவில்லையா, நிறுத்திவிட்டு சர்ஜனைக் கூப்பிட வேண்டும். அடிவயிறு வழியாகக் குழாய் வைப்பது அவர் வேலை. விரை நீக்கியபின் ஹார்மோனே எடுக்காமல் பல வருடம் இருந்தவருக்கு எலும்பு தேய்ந்திருக்கும் என்பதும் வந்தது. இடுப்பு வலி என்று வருபவருக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்புவோருக்கு இது பயன்படும்.

ஹார்மோன் அமர்வில் சரக்கு நல்லது, வேகம்தான் கெடுத்தது. மருந்துக்கடையில் மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்கி ஒரு நாளைக்கு நாலைந்து விழுங்குபவர்கள் உண்டு. அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் ரத்தத்தை உறைய வைக்கும். புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ முதலில் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும். திட்டிவிட்டு நிறுத்தச் சொன்னால் மறுபடி கடைக்கே போவார். எஸ்ட்ராடியால் வாலரேட்டுக்கு மாற்றுவதே வழி: தினம் 2 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 6 வரை. கூடவே ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் 100 முதல் 200 மி.கி.; இதோடு ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் ஏறும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. எஸ்ட்ராடியால் ஒரு மில்லிலிட்டருக்கு 100–200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். திருநம்பிகள் பகுதி ஒரே ஸ்லைடு: ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க வேண்டும், மாதவிடாய் நின்றதாலேயே கர்ப்பம் தரிக்காது என்று நம்பக் கூடாது. அவ்வளவுதான். இது போதாது.

விட்டுப்போனது இன்னும் முக்கியம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு எஸ்ட்ராடியால் உடலில் சீக்கிரம் சிதைந்துவிடும்; எச்.ஐ.வி.க்கான பழைய எஃபாவிரன்ஸ் கூட்டு மருந்திலும் அளவு இறங்கும். "மாத்திரை வேலை செய்யல" என்று அவரே இரண்டு மடங்காக்குவார், அல்லது ஹார்மோனுக்காகக் காசநோய் மாத்திரையை விட்டுவிடுவார். இரண்டுமே கெடுதல். இப்போது ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் தரும் டி.எல்.டி. கூட்டு மாத்திரையால் எஸ்ட்ராடியாலுக்குத் தொந்தரவு இல்லை. இதை ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் போதும், பலர் இரண்டு மருந்தையும் பயமின்றிச் சேர்த்து எடுப்பார்கள். நம்பிக்கை மையத்து (எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) ஆலோசகர்கள் வந்திருந்த வகுப்பில் இது வராதது கண்ணில் உறுத்தியது.

லேப் விஷயமும் அப்படியே. ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கையின் ஹீமோகுளோபின் 12.5 என்றால், சாஃப்ட்வேரில் 'ஆண்' என்று பதிந்திருக்கும்போது குறைவு என்று காட்டும், தேவையில்லாமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதப்படும். ஹார்மோன் நிலைபெற்றபின் எந்த ஹார்மோன் ஓடுகிறதோ அதற்குரிய அளவைத்தான் ஒப்பிட வேண்டும். உறுப்பு சார்ந்த பரிசோதனை வேறு கணக்கு: அறுவை முடிந்த திருநங்கைக்கும் புராஸ்டேட் உண்டு, கருப்பை வாய் இருக்கும் திருநம்பிக்கு அதன் பரிசோதனை வேண்டும்.

சட்டப் பகுதியில் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு, மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லும் 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு என்று ஸ்லைடுகள் ஓடின. சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், பாதிப் பேர் தூக்கம். விழித்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் ஒன்று: "பிள்ளையைச் சரி பண்ணுங்க டாக்டர்" என்று பெற்றோர் கூட்டி வந்தால் மாற்ற முயலும் சிகிச்சை தரக் கூடாது, 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. பெற்றோரிடம் அதை எப்படிச் சொல்வது என்று பழக்கியிருக்கலாம்.

மேல்சிகிச்சைக்குக் கொடுத்த தாளில் சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையும் மதுரை ராஜாஜி மருத்துவமனையும் மட்டும். ஓசூர்க்காரர் பக்கத்திலிருக்கும் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுவார்; அங்கே போகிறவர் கையில் மருந்தின் அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை இரண்டும் எழுதிய கடிதம் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு மாதிரி கேட்டோம், இல்லை என்றார்கள். கையேடு தமிழில் மட்டும் இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் நோயாளிகளுக்குக் கொடுக்க அந்த இரண்டிலும் வேண்டும். அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே இவை இரண்டையும், லேப் ஆட்களுக்குத் தனியாக ஒரு மணி நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். நோயாளியாக நடித்தவர்களுக்குப் பேச்சாளர்களுக்கு இணையான சம்பளம் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.