‘ஃபுல் ரெடி’ என்று கொடுத்த மாருதி 800: பில்லில் இருந்ததும் வண்டியில் இல்லாததும்

வண்டி 2004 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும் ரகம். நான்கு வருடம் ஷெட்டில் நின்றது. தினமும் ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கோவைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் விட்டதில் 64,000 ரூபாய் பில். பட்டறைப் பெயர் இங்கே வேண்டாம், இதே கைவரிசை எல்லா ஊரிலும் நடக்கிறது. பெயிண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட் கவரும் புதிது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது.

முதலில் பிரேக். பில்லில் ‘பிரேக் ஓவர்ஹால், நாலு வீல்’. முன்பக்கம் பேட் புதிது, உண்மை. பின்பக்க டிரம்மின் நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பில் பழைய மண் அப்படியே ஒட்டியிருந்தது. அந்தக் கேப்பை எடுக்காமல் டிரம்மைக் கழற்ற முடியாது. ஆக, பின் டிரம்மை அவர்கள் தொடவே இல்லை. திறந்து பார்த்தால் ஷூவை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டர் இடது பக்கம் கசிந்து ஷூ லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது, வலது பக்க சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது. நான்கு வருடம் நின்ற வண்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். இந்த வண்டியின் ரிசர்வாயரில் இருந்த ஆயில் கடுங்காப்பி நிறம். புது டாட் 3 ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். நாலு வீலிலும் பழையது முழுக்க வெளியேறும்வரை பிளீட் செய்ய அரை லிட்டர் வாக்கில் வேண்டும். பில்லில் எழுதியிருந்தது கால் லிட்டர். பில்லை நிதானமாகப் படித்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

வீல் சிலிண்டருக்கு ‘கிட் மாத்திடலாம்’ என்று ரப்பரை மட்டும் மாற்றும் வழக்கமும் உண்டு. உள்சுவரில் துருக் குழி விழுந்திருந்தால் புது ரப்பர் சீக்கிரமே கிழிந்து மறுபடி கசியும். குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றச் சொல்லுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸை வளைத்துப் பாருங்கள், மேலே வெடிப்புத் தெரிந்தால் அதுவும் போக வேண்டியதே.

அடுத்தது கூலிங். சாவியை ஆன் செய்த உடனே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. இன்ஜின் சூடாகாமலே ஃபேன் ஓடினால் பெரும்பாலும் அதை ‘டைரக்ட்’ கொடுத்திருக்கிறார்கள், அதாவது சென்சாரையும் ரிலேயையும் விட்டுவிட்டு நேரடி வயர் இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். சென்சார் பழுதோ, ரிலே பழுதோ, கண்டுபிடித்துச் சரிசெய்யச் சோம்பல். கூடவே, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றி எறிந்திருந்தார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்ல சார்’ என்பதுதான் வழக்கமான பதில். தேவை. வால்வு இல்லாத இன்ஜின் வேலைக்கான சூட்டை எட்டுவதற்கே நேரம் பிடிக்கும். இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக எண்ணிக்கொண்டு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும், புகைச் சோதனையில் கார்பன் மோனாக்ஸைடு ஏறும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸில் கை வையுங்கள். வால்வு இருந்தால் சில நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, 82 டிகிரி வாக்கில் வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். ரேடியேட்டரில் இருந்தது கூலன்ட் அல்ல, பச்சைச் சாயம் கலந்த குழாய்த் தண்ணீர். மூடியின் அடியில் துருச் சேறு.

‘இன்ஜின் வேலை, ரிங் செட், வால்வ் கிரைண்டிங்’ என்று 14,500 ரூபாய். இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டை இறக்காமல் இந்த வேலை நடக்காது. இறக்கினால் ஹெட் போல்ட் தலையில் சாக்கெட் பட்ட தடம் இருக்கும், புது கேஸ்கெட்டின் ஓரம் சுத்தமாகத் தெரியும். இங்கே இரண்டும் இல்லை. பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே வெள்ளி பெயிண்ட் ஸ்பிரே அடித்திருந்தார்கள். உள்ளே கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்ததால் புகை கொஞ்ச நாள் அடங்கியது, அவ்வளவுதான். இன்ஜின் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், வேலைக்கு முன்னும் பின்னும். சிலிண்டர்களுக்கு நடுவே 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை முடியவில்லை. டைமிங் பெல்ட்டும் புதிது என்று பில் சொன்னது. மேல் கவரைக் கழற்றினால் பல்லின் அடியில் வெடிப்போடு பழைய பெல்ட்.

பெட்ரோல் டேங்கைப் பற்றிப் பில்லில் ஒரு வரிகூட இல்லை. நின்ற வண்டியில் முதலில் இறக்க வேண்டியதே அதைத்தான். பழைய பெட்ரோல் பிசினாகும், எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும், டேங்க் உள்ளே துரு உதிரும். அந்தத் துகள் டேங்குக்குள் இருக்கும் பம்பின் ஜல்லடையை அடைக்கும். வீட்டு வாசலில் ஐடிலிங் அருமையாக இருந்துவிட்டு, மேட்டில் நாலாவது கியரில் மிதித்தால் மூச்சு வாங்கி நிற்பது இதனால்தான். டேங்கை இறக்கிக் கழுவி, ஜல்லடையும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ரப்பர் ஃபியூல் ஹோஸ்களை இப்போதைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் தாங்கும் ரகமாகப் போடுவது நல்லது, 2004-ல் வந்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

‘புது’ டயர்கள் 145/70 ஆர்12, அளவு சரி. பக்கவாட்டில் தேதி 3117, அதாவது 2017-ன் 31-வது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறது, ரப்பர் இறுகிவிட்டது. மழையில் வழுக்கும்.

துருதான் மிக மோசம். ஓட்டுநர் காலடியில் ஃப்ளோர் ஓட்டையாகி, மேலே ஃபைபர் பாயை ரெசினில் ஒட்டி, அடியில் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து மறைத்திருந்தார்கள். ரன்னிங் போர்டில் விரல் தடிமனுக்குப் பட்டி. சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள், தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி மேல் நழுவும். கார்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முக்கியமாக மூன்று இடம்: முன் சஸ்பென்ஷன் ஏறும் ஸ்ட்ரட் டவர், பின் டிரெயிலிங் ஆர்ம் பாடியில் பிடிக்கும் இடம், பேட்டரி தட்டின் கீழ். அங்கெல்லாம் இற்றுப்போன தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. செய்து முடித்ததை, பெயிண்டுக்கு முன், நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு போனால் அவர்கள் சொன்னதுதான் கணக்கு.

‘எஃப்சி செலவு’, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கும் ஆர்சி புதுப்பிப்புக்கும் என்று 19,000 போட்டிருந்தார்கள், ரசீது ஒன்றுமில்லை. சொந்தக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, ஐந்து ஐந்து வருடமாக ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 வருடம் தாண்டிய காருக்கு மத்தியக் கட்டணம் 10,000 ஆனது, 15 முதல் 20 வருடம் வரை 5,000 ஆக இருந்தது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500. பசுமை வரி தனி. பணம் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே கட்டலாம், ரசீது உடனே வரும். ரசீது காட்டாதவரிடம் இதை விடாதீர்கள்.

இந்தப் பட்டறையிடம் கேட்டபோது ‘பழைய பார்ட்ஸ் எல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு’ என்றார்கள். ஆகவே வண்டியை விடும் அன்றே பட்டறையின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி வரியாக, ‘கழற்றிய பாகங்கள் திருப்பித் தரப்படும்’ என்ற வரியோடு எழுதி வாங்குங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசித் தவணை, பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நாலு ரிம்மையும் தொட்டுப் பார்த்த பிறகு. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள், ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டை ஏற்காதீர்கள். வேறு பட்டறையில் கழற்றும்போது போட்டோ, வீடியோ எடுத்து, அந்த மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு அறிக்கை வாங்கி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.