பொட்டாஷ் மூட்டையில் செங்கல் தூள்: பருத்தி போடுகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கம் பருத்தி போட இருப்பவர்கள் விதை வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன பட்டத்தில் எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு உரக்கடை இரண்டு விதமாக ஏமாற்றியிருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் விழ வேண்டிய விதை தேங்கிக் கிடந்ததால், "இப்பப் போட்டாலும் பழுதில்லண்ணே, பொட்டாஷ் சேத்துப் போடுங்க, பஞ்சு திரண்டுரும்" என்று ஐப்பசிக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். சேர்த்துக் கொடுத்ததோ பொட்டாஷே இல்லை.

விதைத்து 55, 60 நாளில் பூ வரும். பூத்த முதல் 20, 25 நாள் இழை நீளும். அடுத்த 20, 25 நாளில்தான் அதன் சுவர் தடிக்கும். ஐப்பசிக் கடைசி விதைப்பு தைப் பிறப்பை ஒட்டித்தான் பூக்கும். சுவர் தடிக்க வேண்டிய மாசியில் நம் சரளைச் செம்மண்ணில் ஈரம் ஏது? காய் வெடித்துவிடும், இழை மட்டும் முற்றாமல் தட்டையாக நிற்கும். இழையின் பருமனையும் முற்றலையும் காட்டும் மைக்ரோனேர் அளவு 3.5க்குக் கீழே இறங்கிய பஞ்சுக்கு வியாபாரி விலையைக் குறைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நூலில் நெப் விழும், அதாவது முற்றாத இழைகள் சிக்கிச் சின்னச் சின்ன முடிச்சாகும். கண்டாங்கிச் சேலைக்கு அரக்குச் சாயம் ஏற்றிப் பாருங்கள், நெப் விழுந்த இடமெல்லாம் சாயம் பிடிக்காமல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

இழை நீளுவதற்கு உள்ளழுத்தம் கொடுப்பது பொட்டாஷில் இருக்கிற சாம்பல்சத்து. அது இல்லாத வயலில் இலை ஓரம் மஞ்சளாகி, துருப்பிடித்த மாதிரி கருகி, கீழ்நோக்கிச் சுருண்டது. அதற்கும் அதே கடை "யூரியா ஒரு மூட்டை கூடப் போடுங்க" என்றது. தழை கொழுத்தது, வெள்ளை ஈ இறங்கியது, அதன் தேன் கழிவு பட்டுப் பஞ்சு பிசுபிசுத்தது.

வீரிய ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு டிஏபி 50 கிலோ, யூரியா 85 கிலோ, பொட்டாஷ் 40 கிலோ போதும். டிஏபி அடியுரம். யூரியாவையும் பொட்டாஷையும் அடியுரமாகவும், 45, 65ஆம் நாளிலுமாக மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி போடுங்கள்.

சோதிப்பது சுலபம். அரை டம்ளர் தண்ணீரில் நாலைந்து ஸ்பூன் பொட்டாஷைக் கொட்டிக் கலக்குங்கள். நல்ல சரக்கு என்றால் டம்ளர் கையில் ஜில்லிடும், ஏறக்குறைய முழுசும் கரைந்துவிடும், மேலே லேசாகச் சிவப்பு மிதக்கும். அந்தக் கடை கொடுத்த மூட்டையைச் சோதித்தபோது அடியில் ஒரு விரற்கடைக்குச் செங்கல் தூளும் மணலும் தங்கின. கல் உப்பு கலந்திருந்தால் அதுவும் கரைந்துவிடும், ஆனால் அவ்வளவாகக் குளிராது. தீயில் தூவினால் பளீரென்று மஞ்சளாக எரியும். டிஏபியை வெற்றிலைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் தேயுங்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வரவில்லையா, வாங்காதீர்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் பிரிக்காத மூட்டை ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, பில்லோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். எங்கள் ஆட்கள் எல்லா மூட்டையையும் பிரித்துப் போட்டு முடித்த பிறகுதான் போனார்கள், காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை.